சொல்லே நாடி: தொலைவழி மருத்துவமும் நோயாளர் கடமையும்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. பசியைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு உணவு கிடைக்கும். குறையைச் சொல்லத் தெரிந்தவனுக்கு நீதி கிடைக்கும். நோயைச் சொல்லத் தெரிந்தவனுக்கே உரிய மருந்து கிடைக்கும் என்னும் மூன்றாவது பொருளையும் அப்பழமொழிக்குச் சேர்த்துச் சொல்ல வேண்டிய காலத்தில் நாம் வாழ்கின்றோம். மருத்துவர் ஓரிடத்தில், நோயாளர் வேறோரிடத்தில், இடையே ஒரு கைப்பேசித் திரை என்னும் நிலை இன்று இயல்பாகிவிட்டது. தொட்டுப் பார்க்க இயலாத அந்த மருத்துவருக்கு நோயாளரின் சொல்லே நாடியாகின்றது. அச்சொல்லை முன்கூட்டியே செம்மை செய்து வைத்துக்கொள்வது நோயாளரின் கடமை. அதனைக் கற்பிக்கும் பொறுப்பு தமிழ்த்துறையினராகிய நமக்கும் உண்டு. இவ்விரண்டையும் வலியுறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மருத்துவத்தில் மொழியின் இடம்

நோயைக் கணிப்பதற்குச் சித்த மருத்துவர்கள் எண்வகைத் தேர்வினை வகுத்தனர். நாடி, தொடுஉணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் என்பன அவை. இவற்றைக் கைப்பேசித் திரையின் முன் நிறுத்திப் பார்ப்போம். நாடியும் தொடுஉணர்வும் அறவே இல்லை. நாவும் நிறமும் விழியும் வெளிச்சம் வாய்த்தால் ஓரளவு தெரியும். மலமும் சிறுநீரும் நோயாளர் எடுத்துச் சொன்னாலன்றித் தெரியமாட்டா. எட்டனுள் சிதையாமல் மறுமுனையைச் சென்றடைவது மொழி ஒன்றேயாகும். எனவே, தொலைவழி மருத்துவத்தில் ஏனைய ஏழின் சுமையையும் மொழியே தாங்க வேண்டியுள்ளது.

மருத்துவ வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ரய், பாக்தாத் நகர்களில் மருத்துவம் புரிந்த அபூபக்கர் அர்ராஸீ, பெரியம்மையையும் தட்டம்மையையும் தெளிவாக வேறுபடுத்தி எழுதிய பேரறிஞர். அவர் பார்த்த நோயாளர்களின் குறிப்புகளை அவருடைய மாணவர்கள் தொகுத்து வைத்தனர். ஏறத்தாழ 900 நோயாளர்களைப் பற்றிய அத்தொகுப்பு இன்றும் ஆராய்ச்சியாளர்களால் பயிலப்படுகின்றது. நோயாளர் உரைத்ததைக் குறித்து வைப்பது மருத்துவத்தின் ஓர் உறுப்பு என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அம்மாணவர்கள் உணர்ந்திருந்தனர்.

அண்மைக்கால ஆய்வும் அவ்வாறே கூறுகின்றது. 1975ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஹாம்ப்டன் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் புற நோயாளர் 80 பேரை ஆராய்ந்தனர். அவர்களுள் 66 பேருக்கு, மருத்துவ வரலாற்றைக் கேட்டறிந்த அளவிலேயே செய்த கணிப்பு இறுதி முடிவோடு ஒத்திருந்தது. உடலைச் சோதித்தபின் கணிப்பு மாறியவர் எழுவர். ஆய்வகச் சோதனைக்குப்பின் மாறியவர் எழுவர். சோதனைக் கருவிகள் பெருகிய பின்னரும், நோயாளரின் கூற்று தன் இடத்தை இழந்துவிடவில்லை.

நம் நாட்டில் தொலைவழி மருத்துவம்

கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில், 2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள், தொலைவழி மருத்துவத்திற்கான நெறிமுறைகளை இந்திய அரசு வெளியிட்டது. பதிவு பெற்ற மருத்துவர் எவ்வழியில் நோயாளரைப் பார்க்கலாம், எம்மருந்துகளை எழுதலாம் என்பதை அந்நெறிமுறைகள் வரையறுத்தன. சில எளிய மருந்துகளை எவ்வகை உரையாடலிலும் எழுதலாம். வேறு சிலவற்றை முதன்முறை காணொலியில் கண்ட பின்னரே எழுதலாம். போதைப் பொருள் சட்டத்திற்குட்பட்ட மருந்துகளை எழுதவே கூடாது. நோயாளரின் பெயரையும் வயதையும் மருத்துவர் உறுதி செய்துகொள்ள வேண்டும். தம் பதிவு எண்ணை மருந்துச் சீட்டில் குறிப்பிடவும் வேண்டும்.

நடுவணரசின் இ-சஞ்சீவனித் திட்டம் 2019 நவம்பரில் நலவாழ்வு மையங்களுக்காகத் தொடங்கப்பெற்றது. வீட்டிலிருந்தே மருத்துவரைக் காணும் அதன் புற நோயாளர் பிரிவு 2020 ஏப்ரல் 13இல் தொடங்கியது. தொடக்க மாதங்களில் இதனை மிகுதியாகப் பயன்படுத்திய மாநிலங்களுள் தமிழகம் முன்னணியில் நின்றது. 2023 பிப்ரவரியில் நாடு முழுவதும் இத்திட்டத்தின் வழி நடந்த மருத்துவ உரையாடல்கள் 10 கோடியைக் கடந்தன. 10 கோடி முறை ஒருவர் தம் நோயைத் தொலைவிலிருந்து சொல்லியிருக்கிறார். அவற்றுள் எத்தனை முறை அது தெளிவாகச் சொல்லப்பட்டது என்பதே நாம் எழுப்ப விரும்பும் வினா.

தமிழகத்தின் அரவிந்த் கண் மருத்துவமனை சிற்றூர்களில் நிறுவிய பார்வை மையங்களை இங்கே எண்ணிப் பார்த்தல் தகும். அங்கே மருத்துவர் இருப்பதில்லை. பயிற்சி பெற்ற பெண் பணியாளர் நோயாளரின் குறைகளைக் கேட்டு எழுதுகிறார், பார்வையை அளக்கிறார், கண்ணைப் படமெடுக்கிறார். அவையனைத்தும் ஆயத்தமான பின்னரே நகரத்து மருத்துவர் திரையில் தோன்றுகிறார். அத்திட்டத்தின் வெற்றிக்குத் திரை மட்டும் காரணமன்று. திரைக்கு முன் நடக்கும் ஆயத்தமும் காரணமாகும். வீட்டிலிருந்து மருத்துவரை அழைக்கும் நமக்கு அத்தகைய பணியாளர் எவரும் இல்லை. அவர் செய்யும் வேலையை நாமே செய்துகொள்ள வேண்டும்.

பனியன் நகரின் தேவை

திருப்பூருக்கும் அவிநாசிக்கும் இடையே அமைந்துள்ள திருமுருகன்பூண்டி, கற்சிற்பிகளின் உளியோசைக்குப் பெயர் பெற்ற ஊர். 2021இல் நகராட்சியாக உயர்ந்த இவ்வூரில் இன்று உளியோசையோடு தையல் இயந்திரத்தின் ஓசையும் கலந்து ஒலிக்கின்றது. கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், அயர்ன், பேக்கிங் எனப் பனியன் கம்பெனிகளின் ஒவ்வொரு பிரிவிலும் நம் மாணவர்களின் தாய்தந்தையர் உழைக்கின்றனர். ஷிப்ட் கணக்கிலும் பீஸ் ரேட் கணக்கிலும் கூலி பெறும் அவர்களுக்கு மருத்துவமனைக்குச் சென்று வரும் அரை நாள், சனிக்கிழமைச் சம்பளத்தில் குறைந்து நிற்கும். அதனால் நோயைப் பொறுத்துக்கொள்வதும், மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்குவதும் வழக்கமாகிவிட்டன. திருப்பூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது பெரும்பேறு. ஆயினும் அங்கே சென்று வரிசையில் நிற்பதற்கும் நேரம் வேண்டுமன்றோ? தேநீர் இடைவேளையிலும் இரவு உணவுக்குப் பின்னரும் மருத்துவரோடு பேச இயலுமாயின், அது உழைப்பாளர்க்குக் கிடைத்த வரமே.

ஆனால் அவ்வரம் சில மணித்துளிகளுக்குள் அடங்கியது. 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த ஆய்வொன்று, மருத்துவர் ஒரு நோயாளருக்கு ஒதுக்கும் சராசரி நேரம் வங்கதேசத்தில் 48 நொடி, சுவீடனில் 22 நிமிடத்திற்கும் மேல், இந்தியாவில் ஏறத்தாழ 2 நிமிடம் எனக் காட்டிற்று. நேரில் பார்க்கும்போதே 2 நிமிடமாயின், திரையில் நாம் தடுமாறிக் கழிக்கும் ஒவ்வொரு நொடியும் நம் இழப்பேயாகும்.

எவற்றை ஆயத்தம் செய்வது?

ஒரே நோயை இருவர் உரைப்பதாகக் கொள்வோம். முதலாமவர், "ரொம்ப நாளாக இருமல், நெஞ்சு சரியில்லை, ஏதாவது நல்ல மாத்திரையாக எழுதுங்கள்" என்கிறார். இரண்டாமவர் கையில் ஒரு தாள் உள்ளது. அதில் உள்ளது வருமாறு: "வயது 42. கட்டிங் பிரிவில் 15 ஆண்டு வேலை. 3 வாரமாக வறட்டு இருமல். ஞாயிற்றுக்கிழமை குறைகிறது, திங்கள் மாலை நெஞ்சு இறுகுகிறது. காய்ச்சல் இல்லை, சளியில் இரத்தம் இல்லை. எடை 2 கிலோ குறைந்துள்ளது. நாளொன்றுக்கு 5 பீடி. சர்க்கரைக்கு மெட்பார்மின் 500 மில்லிகிராம், காலையும் இரவும்."

முதலாமவருக்கு ஓர் இருமல் மருந்து கிடைக்கலாம். இரண்டாமவரின் தாளோ மருத்துவரைச் சிந்திக்க வைக்கும். இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட இருமலும் எடைக்குறைவும் சேர்ந்திருப்பதால் சளிச் சோதனைக்கும் நெஞ்சுப் படத்திற்கும் அவர் அனுப்புவார். விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவது, பருத்தித் தூசியால் வரும் பைசினோசிஸ் என்னும் நோயின் அடையாளம். நூற்பாலைகளில் நெடுங்காலமாக அறியப்பட்ட நோய் அது. 'திங்கள் மாலை' என்னும் இரு சொற்கள் அதனை நினைவூட்டக் கூடும். அவ்விரு சொற்களையும் எந்தக் கருவியும் கண்டுபிடித்துத் தராது. நோயாளர்தாம் சொல்ல வேண்டும்.

அத்தாளில் இடம்பெற வேண்டியவை பல அல்ல. முதலில், எது மிகுதியாகத் துன்புறுத்துகிறதோ அதனை ஒரே தொடரில் எழுதுக. எப்போது தொடங்கிற்று என்பதை நாள் குறித்து எழுதுக. 'கொஞ்ச நாளாக' என்பது கணக்காகாது. எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்பதையும் சேர்க்க. இருப்பவற்றோடு இல்லாதவற்றையும் எழுதுதல் நன்று. காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை என்பனவும் மருத்துவருக்குச் செய்திகளே.

அடுத்து, அளவுகள். காய்ச்சலைக் கையால் தொட்டுச் சொல்லாமல் வெப்பமானியால் அளந்து, நேரத்தோடு குறிக்க வேண்டும். இரத்த அழுத்தமாயின் சற்று நேரம் அமர்ந்து இளைப்பாறிய பின் அளந்து, மேலெண், கீழெண் இரண்டையும் எழுத வேண்டும். சர்க்கரையாயின் வெறும் வயிற்றில் எடுத்ததா, உண்டபின் எடுத்ததா என்பது இன்றியமையாதது. அது குறிக்கப்படாத 180 என்னும் எண் மருத்துவருக்கு அரைச் செய்தியே தரும்.

மூன்றாவது, மருந்துகள். 'சின்ன வெள்ளை மாத்திரை', 'மஞ்சள் டப்பா மருந்து' என்பன வீட்டுக்குள் வழங்கும் பெயர்கள். அட்டையில் அச்சிட்டுள்ள பெயரையும் மில்லிகிராம் அளவையும் பார்த்து எழுதுக. இயலாவிடின் அட்டையையே படமெடுத்து அனுப்புக. மருந்துக் கடையில் தாமாக வாங்கிய வலி மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் ஆகியவற்றை மறைத்தல் கூடாது. வலி மாத்திரையை நாள்தோறும் விழுங்குவது சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடும்; மருத்துவர் அதனை அறிந்தாலன்றி எச்சரிக்க இயலாது. எம்மருந்து ஒவ்வாமல் போயிற்று என்பதையும், செய்துகொண்ட அறுவை சிகிச்சைகளையும், பெண்களாயின் கருவுற்றிருக்கும் வாய்ப்பையும் இப்பகுதியில் குறிக்க வேண்டும். ரமலான் நோன்பு நோற்கும் சர்க்கரை நோயாளர், மாதம் பிறக்கும் முன்னரே மருத்துவரோடு பேசி, ஸஹர், இஃப்தார் நேரங்களைச் சொல்லி மருந்து வேளையை மாற்றி அமைத்துக்கொள்வது நலம்.

நான்காவது, தொழில். நம் பகுதியில் பலரும் விட்டுவிடுவது இதனையே. கட்டிங் மேசையில் நிற்பவரின் மூச்சு வேறு. சாயத்தில் கை நனைப்பவரின் தோல் வேறு. நாளெல்லாம் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருப்பவரின் கழுத்து வேறு. கல் செதுக்குபவரின் நெஞ்சில் கல்தூசி படிந்து சிலிக்கோசிஸ் என்னும் தீரா நோயாகலாம். அந்நோயுடையாரைக் காசநோய் எளிதில் பற்றும். எனவே, 'கூலி வேலை' என்று பொதுவாகச் சொல்லாமல் என்ன வேலை, எத்தனை ஆண்டு என்று சொல்லுதல் வேண்டும்.

புண், தடிப்பு, வீக்கம் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் அருகிலிருந்து ஒன்றும் சற்றுத் தள்ளி ஒன்றுமாகப் படமெடுத்தால் போதும். அளவு தெரிய ஒரு நாணயத்தை அருகில் வைக்கலாம். பழைய மருந்துச் சீட்டுகளையும் சோதனை முடிவுகளையும் நாள் வரிசையில் அடுக்கி வைத்தல் நலம். இறுதியாக, மருத்துவரிடம் கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டு அல்லது மூன்றினைத் தாளின் அடியில் எழுதிக்கொண்டால், அழைப்பைத் துண்டித்த பின் 'அதைக் கேட்க மறந்தோமே' என்று வருந்த நேராது.

வலிக்கு நம்மிடம் உள்ள சொற்கள்

தமிழுக்கு இவ்வகையில் ஒரு செல்வம் உண்டு. குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல், இழுப்பு, பிடிப்பு, மதமதப்பு, விண்விண்ணென்று தெறித்தல் என வலியின் வகை ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வைத்துள்ளோம். நீர்க்கடுப்பு என்றவுடன் மருத்துவர்க்குப் பாதி விளங்கிவிடுகிறது. காலில் எரிச்சலா, மதமதப்பா, உளைச்சலா என்பது சர்க்கரை நோயாளரைப் பொறுத்தவரை பொருளுள்ள வேறுபாடு. பாட்டிமார் நாவில் இயல்பாக வரும் இச்சொற்களை விடுத்து, 'பெயினாக இருக்கிறது' என்று இளைஞர் சொல்லும்போது மருத்துவர்க்குப் போய்ச்சேரும் செய்தி குறைந்துபோகின்றது.

அதே நேரத்தில் நம் சொற்களுள் சில ஆபத்தானவை என்பதையும் மறைத்தல் கூடாது. நெஞ்சின் நடுவே அழுத்தும் வலியை 'வாயுப் பிடிப்பு' என்றும் 'கேஸ்' என்றும் பெயரிட்டுச் சோடாக் குடித்துக் காத்திருப்போர் நம்மிடையே உண்டு. மாரடைப்பில் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையின் இழப்பாகும். நோயாளர் உணர்வதைச் சொல்ல வேண்டும். நோய்க்குப் பெயர் சூட்டும் வேலையை மருத்துவரிடம் விட்டுவிட வேண்டும்.

பிறர் வாயாக நிற்போர்

மருத்துவத்தின் நான்கு உறுப்புகளுள் நோயாளரையும் மருத்துவரையும் மருந்தையும் சொன்ன வள்ளுவர், அருகிருந்து பணிவிடை செய்பவரையும் ஓர் உறுப்பாக எண்ணினார். கைப்பேசியை இயக்கத் தெரியாத தாய்க்கு மகனும், தமிழறியாத வடமாநிலத் தொழிலாளிக்கு உடன் வேலை செய்பவரும் இன்று அப்பணியைச் செய்கின்றனர். அவர்களுக்கு இரண்டு நெறிகள் உண்டு.

ஒன்று, நோயாளரின் சொல்லைத் தம் சொல்லாக்காமை. நம் இல்லங்களில் பெண்ணின் நோயைக் கணவரோ மகனோ எடுத்துரைக்க, அவள் பின்னால் நிற்கும் காட்சி இன்னும் மறையவில்லை. வெள்ளைப்படுதலையும் மாதப்போக்கின் மிகுதியையும் மார்பில் கண்ட கட்டியையும் அவள் எவரிடம் சொல்வாள்? இத்தகைய வேளையில் பெண் மருத்துவரைக் கேட்டுப் பெறுவதும், அறைக்கதவைச் சாத்தி அவளைத் தனியே பேச விடுவதும், பேச நாணினால் அவளே எழுதிய தாளைக் காட்டச் செய்வதும் நம் கடமை. நாணம் காக்கப்பட வேண்டியதே. ஆனால் நாணத்தின் பெயரால் உயிர் போதல் எவ்வகையிலும் அறமாகாது.

மற்றொன்று, கேட்டதைக் காத்தல். பிறர் நோயைப் பற்றிய செய்தி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். மொழிபெயர்க்க நின்றவர் அதனைச் சூப்பர்வைசரிடமோ தேநீர்க் கடையிலோ சொல்வது நம்பிக்கைத் துரோகமாகும். கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணை அறியாதவர்க்குச் சொல்லாமையும், சோதனை முடிவுகளைக் குழுக்களில் பரப்பாமையும் இதனுள் அடங்கும்.

மறுப்பும் விடையும்

கேட்டறிவது மருத்துவரின் வேலையாயிற்றே, நோயாளர் ஏன் எழுதிக்கொண்டு வர வேண்டும் எனச் சிலர் வினவலாம். மருத்துவர் கேட்கத்தான் வேண்டும்; தாள் அவருடைய கேள்விகளுக்கு மாற்றன்று. காய்ச்சலும் வலியும் நினைவைக் குலைக்கும் வேளையில் விடை தடுமாறாமலிருக்க உதவும் ஊன்றுகோலே அது. எழுத்தறியாதவர் என்ன செய்வார் என்பது இதனினும் கூர்மையான வினா. நம் கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பும் ஒவ்வொரு வீட்டிலும் எழுதத் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்பதே நம் விடை.

தொடாமல் பார்ப்பதும் ஒரு மருத்துவமா என்னும் ஐயத்தில் உண்மை உண்டு. நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி, வாய் கோணுதல், நினைவிழத்தல், வலிப்பு, நிற்காத இரத்தப்போக்கு, பாம்புக்கடி ஆகியவை திரைக்குரியவை அல்ல. தமிழகத்தில் 2008 முதல் இயங்கும் 108 ஊர்தியை உடனே அழைக்க வேண்டும். அங்கும் சொல்லே முதல் உதவி. ஊர், தெரு, அருகிலுள்ள அடையாளம், நோயாளரின் நிலை ஆகியவற்றைப் பதறாமல் சொல்லத் தெரிந்தவர் வீட்டிற்கு ஊர்தி வழி தேடி அலையாது.

நாம் செய்யத்தக்கது

விடுப்பு விண்ணப்பமும் வேலைவாய்ப்பு மடலும் எழுத மாணவர்களுக்குக் கற்பிக்கின்றோம். வாழ்நாளில் அவற்றினும் மிகுதியாகத் தேவைப்படும் நோய்க்குறிப்பினை எழுத எந்த வகுப்பிலும் கற்பிப்பதில்லை. சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல், முறையின் வைப்பு என்று இலக்கணம் கூறும் அழகுகள் தேர்வுத்தாளுக்கு மட்டும் உரியனவா? அரைத்தாளில் ஓர் உயிரின் நிலையை எழுதிக் காட்டுவதைவிட அவ்வழகுகளுக்கு வேறு உரைகல் இல்லை.

ஆகவே, முதலாண்டுத் தமிழ் வகுப்பில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்குவோம். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு மூத்தவர் ஒருவருக்கு இத்தகைய தாளை எழுதித் தரட்டும். வகுப்பில் எழுதிப் பழகக் கற்பனை நோயாளர் போதும். உண்மைத் தாள் வீட்டிலேயே இருக்கட்டும். இந்தியும் ஒடியாவும் அறிந்த மாணவர் வெளிமாநிலத் தொழிலாளர்க்குத் துணை நிற்கட்டும். ஜமாஅத் பெரியவர்களும் ஆலை உரிமையாளர்களும் தொழிலாளர் ஓய்வறையில் ஒரு வெப்பமானியும் இரத்த அழுத்தக் கருவியும் வைத்து, மருத்துவரோடு தனித்துப் பேச ஒரு மூலையையும் பத்து நிமிடத்தையும் கூலிக்குறைப்பின்றி வழங்குவார்களாயின் அது பேருதவி. இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை, மனம் வேண்டும்.

தமிழ் படித்தால் என்ன பயன் என்று நம் மாணவரைக் கேட்போர் உண்டு. தாயின் நெஞ்சிறுக்கத்தைத் தொலைவிலிருக்கும் மருத்துவர் உணரும்படி நான்கு தொடரில் எழுதத் தெரிந்த மாணவன் அவ்வினாவுக்கு வாயால் விடை சொல்ல வேண்டியதில்லை. அவன் எழுதிய தாளே விடையாகும். அத்தாளை இன்றிரவே ஒவ்வோர் இல்லத்திலும் எழுதத் தொடங்குவோமாக.